வேணாம் அக்கா ‘வேணும்’ என்றபோது

கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு அவள் பெயர் தெரியாது. “வேணாம் அக்கா இருக்காங்களா?” என்றுதான் கேட்பார்கள். கீழே டிவியும் ஃப்ரிட்ஜும் விற்கிறவர்கள் முகத்தைத் திருப்பாமலே மாடிப்படியைக் காட்டுவார்கள். மாடியில் ஹெட்போன்கள் வரிசையாகத் தொங்கும் சுவருக்கு முன்னால், தனக்கென்று போட்ட நாற்காலியை வந்தவருக்குத் தள்ளிவிட்டு, தான் நின்றபடியே வியாபாரம் பார்க்கும் நடுத்தர வயதுப் பெண்தான் அவள். மூக்குக் கண்ணாடி நெற்றிக்கு மேல் ஏறியிருக்கும். விலைச் சீட்டைப் படிக்க வேண்டி வந்தால் மேசையெல்லாம் தேடிவிட்டுத்தான் தலையில் கை வைத்துப் பார்ப்பாள்.

அந்தப் பெயர் சும்மா வரவில்லை. விலை உயர்ந்த ஹெட்போன் ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டு, “இதுக்கு ஆம்ப்ளிஃபையர் ஒண்ணு, கன்வெர்ட்டர் ஒண்ணு சேர்த்துக் கொடுங்க. அது இல்லாம இதைக் கேட்டா பாவம்னு சொல்றாங்க” என்று யாராவது வந்து நிற்பார்கள். அவள் அவர்கள் கையிலிருக்கும் போனை வாங்கி, ஹெட்போனை அதிலேயே செருகி, அவர்கள் காதில் மாட்டிவிடுவாள்.

“சத்தம் எவ்வளவு தூரம் ஏத்தினீங்க?”

“பாதிகூட வைக்கலைங்க.”

“காது நிறையுதா?”

“நிறையுது.”

“அப்புறம் எதுக்குப் பெட்டி? வேணாம் தம்பி.”

அவ்வளவுதான். ஹெட்போனுக்கு மட்டும் பில் போட்டு அனுப்பிவிடுவாள். வாங்க வந்ததையே வேண்டாம் என்று சொல்லும் விற்பனைக்காரியை ஊர் மறக்குமா? ஒருவர் இன்னொருவரிடம் சொல்லி, அவர் இணையத்தில் நாலு வரி எழுதி, பெயர் நிலைத்துவிட்டது.

இந்தத் துணிச்சல் அவளுக்குப் பழைய வேலையிலிருந்து வந்தது. முன்பு ஒரு பெரிய அலுவலகத்தில் வாடிக்கையாளர்களின் போன் அழைப்புகளை எடுத்துப் பேசுகிறவளாக இருந்தாள். காலையில் ஹெட்போனைக் காதில் மாட்டினால் சாயங்காலம்தான் கழற்ற முடியும். காது மடல் வெந்து சிவந்துவிடும். ஆனால் அந்த வருடங்களில் அவள் காது கூர்மையாகிவிட்டது. மறுமுனையில் பேசுகிறவர் குளியலறையில் நிற்கிறாரா, ஓடும் வண்டியில் இருக்கிறாரா, பக்கத்தில் யாரோ கேட்டுக்கொண்டிருப்பதால் குரலை அடக்குகிறாரா என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுவாள். அந்த அலுவலகம் வேறு ஊருக்குப் போனபோது அவள் போகவில்லை. இந்தக் கடையில் பில் போட உட்கார்ந்தாள். மாடியில் ஹெட்போன் விற்றவர் வேலையை விட்டதும், “ஏம்மா, நீங்கதான் வருஷக்கணக்கா காதுல மாட்டிக்கிட்டே வேலை பாத்தவங்களாச்சே” என்று முதலாளி அவளை மேலே அனுப்பிவிட்டார்.

மேலே வந்த புதிதில் அந்தக் கறுப்புப் பெட்டிகள் எதற்கு என்று அவளுக்கும் விளங்கவில்லை. சர்வீஸுக்கு வரும் மெக்கானிக்கைப் பிடித்து உட்காரவைத்துக் கேட்டாள். விஷயம் அப்படியொன்றும் பிரம்ம ரகசியம் இல்லை. போனுக்குள் பாட்டு வெறும் எண்களாகத்தான் கிடக்கிறது. அந்த எண்களை மின்சார அலையாக மாற்றுவது கன்வெர்ட்டரின் வேலை. அந்த அலைக்கு ஹெட்போனை அசைக்கும் அளவுக்கு வலு கொடுப்பது ஆம்ப்ளிஃபையரின் வேலை. இரண்டுமே சிறிய அளவில் போனுக்குள்ளேயோ, அதனுடன் மாட்டும் குட்டி வயரிலேயோ இருக்கின்றன. தனிப் பெட்டி அதே வேலையைப் பெரிய அளவில் செய்யும். பெரிய அளவு தேவைப்படுகிறதா என்பது மாட்டும் ஹெட்போனைப் பொறுத்தது.

மதிய நேரத்தில் கூட்டம் குறைந்ததும் சுவரில் தொங்குவதையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து, பெட்டியோடும் பெட்டியில்லாமலும் கேட்டாள். பெரும்பாலானவற்றில் வித்தியாசம் எதுவும் இல்லை. அப்படியானால் அதே மாடியில் எதிர்ப்பக்கம் ஸ்பீக்கர் விற்கிற மீசைக்காரர் பெட்டியை மாட்டிக் காட்டும்போது மட்டும் ஜனங்கள் ஏன் ஆகா ஓகோ என்கிறார்கள்? ஒரு நாள் பக்கத்தில் நின்று அவர் விரல்களையே கவனித்தாள். பெட்டிக்கு மாற்றும்போது குமிழை ஒரு நூல் அதிகமாகத் திருப்பிவிடுகிறார். சத்தம் கொஞ்சம் கூடினால் எல்லாமே நன்றாகக் கேட்பது போலத்தான் இருக்கும்.

“என்ன அண்ணே, இப்படிக் காதுல பூ சுத்துறீங்க?” என்று அன்றைக்கே கேட்டுவிட்டாள்.

மீசைக்காரர் அசரவில்லை. “பூ நல்லாத்தானே இருக்கு? அவங்க சந்தோஷமா வாங்கிட்டுப் போறாங்க. உனக்கு எங்க வலிக்குது?”

அவளுக்கு வலித்தது. ஆனால் அவரோடு சண்டை போடவில்லை. தன் பக்கத்துச் சுவருக்கு வருகிறவர்களிடம் தனக்குச் சரியென்று பட்டதைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

முதலாளி கெட்டவர் அல்ல. சம்பளத்தை இழுத்தடிக்காதவர், யாரையும் பெயர் கெடும்படி திட்டாதவர். ஆனாலும் மாடியிலிருந்த கண்ணாடி அறையில் ஆம்ப்ளிஃபையர்களும் கன்வெர்ட்டர்களும் தூசி படிந்து உட்கார்ந்திருப்பதைத் தினமும் பார்த்துக்கொண்டு எத்தனை நாள் சும்மா இருப்பார்? ஒரு காலையில் மாடியேறி வந்தார்.

“ஏம்மா, நான் ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க எனக்கு வேலை பாக்கறீங்களா, எதிர்த்த கடைக்காரனுக்கு வேலை பாக்கறீங்களா?”

“ஏன் சார்? ஹெட்போன் நல்லாத்தானே விக்குது?”

“ஹெட்போன் விக்குது. பெட்டி? அதை நான் வீட்டுக்கா எடுத்துட்டுப் போறது? தலைக்கு வச்சுத் தூங்கறதுக்கா?”

“தேவைப்படறவங்க வந்தா நானே கையில எடுத்துக் கொடுப்பேன் சார். இதுவரைக்கும் வரலை.”

“வர மாட்டாங்க. நீங்க வாயைத் திறந்தாலே வேணாம்தான் வருது!”

மறுநாள் அவளுடைய மேசைக்கு நேர் மேலே ஒரு பலகை தொங்கியது. ‘நல்ல ஹெட்போனுக்கு ஆம்ப்ளிஃபையரும் கன்வெர்ட்டரும் அவசியம்’ என்று சிவப்பு எழுத்து. மீசைக்காரர் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் மீசைதான் சிரித்தது. அவள் பலகையை ஒருமுறை படித்துவிட்டு, முதுகைக் காட்டிக்கொண்டு வேலையைப் பார்த்தாள். தன் வாயைப் பலகை அடைத்துவிட முடியாது என்பதில் அவளுக்கு எந்தச் சந்தேகமும் இல்லை.

அந்த வாரத்தில்தான் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் வந்தார்.

ஊரில் கார் ஓட்டுகிறவர்களில் பாதிப் பேர் அவரிடம் கற்றவர்கள்தான். குண்டான உடம்பு, கரகரத்த குரல். தொழில் அப்படி என்பதால் மனிதருக்கு யாரையும் சட்டென்று நம்பும் பழக்கம் கிடையாது. பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, வலது காலை எப்போதும் தன் பக்கத்து பிரேக்கின் மேலேயே வைத்திருந்து பழகியவர். வெளிநாட்டில் ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை செய்யும் அவர் தம்பி, தான் உபயோகித்த பெரிய ஹெட்போன் ஒன்றை அவருக்குக் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். போகும்போது, “அண்ணா, இதுக்கு ஒரு ஆம்ப்ளிஃபையர் வாங்கிக்கோ” என்றும் சொல்லியிருந்தான். தம்பி பெருமையடிக்கிறான் என்று மாஸ்டர் நினைத்தார். வேணாம் அக்காவின் பெயரைக் கேள்விப்பட்டு, அவள் வாயால் வேணாம் என்று ஒரு வார்த்தை வாங்கித் தம்பிக்குச் சொல்லிவிடலாம் என்றே மாடியேறி வந்திருந்தார்.

“பாருங்கம்மா, இதுக்குப் பெட்டி வேணாம்தானே? நீங்க சொல்லிட்டீங்கன்னா நான் அவனுக்குப் போன் போட்டு நாலு கேள்வி கேட்டுருவேன்.”

அவள் ஹெட்போனைக் கையில் வாங்கினாள். வாங்கியதுமே கை சொல்லிவிட்டது. கனம். காதுக் கிண்ணத்தின் உட்பக்கம் பொடி எழுத்தில் இருந்த எண்ணைப் படித்தாள்; எண் பெரிதானால் அதை அசைக்க வலுவும் அதிகம் வேண்டும். சுவரில் தொங்கும் எதிலும் அவ்வளவு பெரிய எண் கிடையாது. அவருடைய போனிலேயே செருகித் தன் காதில் வைத்துப் பார்த்தாள். சத்தத்தைக் கடைசிவரை ஏற்றியும் பாட்டு எங்கோ பக்கத்து வீட்டில் ஓடுவது போல் இருந்தது. டிரம்ஸ் விழும் இடத்திலெல்லாம் அடி நசுங்கியது.

“சார்,” என்றாள். “இதுக்கு வேணும்.”

“என்னது?”

“ஆம்ப்ளிஃபையர் வேணும் சார். இது ஸ்டுடியோவுக்குன்னு செஞ்சது. போனுக்கு இதை இழுக்கத் தெம்பு பத்தாது.”

மாஸ்டர் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு அவள் தலைக்கு மேலே தொங்கிய பலகையைப் பார்த்தார். பிறகு மறுபடியும் அவள் முகத்தை.

“ஓ. உங்களையும் மாத்திட்டாங்களா?”

“இல்ல சார், அந்தப் பலகைக்கும் நான் சொல்றதுக்கும் சம்பந்தம் இல்ல. ஒரு நிமிஷம் உட்காருங்க, போட்டுக் காட்டறேன்.”

“கடைக்குள்ள போட்டுக் காட்டினா எதுதான் நல்லா கேக்காது? சர்க்கஸ் வேலை எல்லாம் எனக்கும் தெரியும்.” ஹெட்போனை அவள் கையிலிருந்து வாங்கித் துணிப்பையில் போட்டுக்கொண்டார். “ஹெட்போன் விக்க முடியாதுன்னு தெரிஞ்சதும் பெட்டியைத் தலையில கட்டப் பாக்கறீங்க. நல்லா இருங்க.”

படியிறங்கும் சத்தம் கீழ்வரை கேட்டது. மீசைக்காரர் தொண்டையைச் செருமினார். அவ்வளவு நாள் வேணாம் வேணாம் என்று சொன்னவள் முதல்முறையாக வேணும் என்றாள். அதை நம்ப ஆள் இல்லை. முகம் சுண்டிப்போய்த் தூசித் துணியைத் தேடினாள்.

விஷயம் அதோடு முடியவில்லை. அவளுடைய நாத்தனார் மருத்துவமனை ஒன்றில் நர்ஸ். கல்யாணம் வேண்டாம் என்று அண்ணன் வீட்டிலேயே இருப்பவள். பேக்கரியில் மாவு பிசையும் அண்ணன் சீக்கிரமே படுத்துவிடுவதால் வீட்டில் பேச்செல்லாம் அண்ணிக்கும் அவளுக்கும்தான். அந்த நாத்தனார் அந்த மாதம்தான் கார் ஓட்டக் கற்றுக்கொள்ளச் சேர்ந்திருந்தாள். சாயங்காலம் செருப்பைக் கழற்றும் முன்பே ஆரம்பித்தாள்.

“அண்ணி, எங்க மாஸ்டர் இன்னிக்கு கிளட்சைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லலை. முழுக்க உங்க புராணம்தான்.”

“என்ன சொன்னாரு?”

“வேணாம் அக்காவை விலைக்கு வாங்கிட்டாங்களாம். இனிமே அந்தக் கடைப் பக்கம் தலைவச்சுப் படுக்கக் கூடாதாம். பின்சீட்டுல காத்திருந்த ரெண்டு பேரும் ஆமா ஆமான்னு தலையாட்டறாங்க.”

“நீ என்ன சொன்னே?”

“நான் என்ன சொல்றது? ஸ்டியரிங் என் கையில. அவர் காலோ பிரேக்குல.” பிறகு குரலைத் தாழ்த்தினாள். “நிஜமா அண்ணி, கடையில உங்களை நெருக்கறாங்களா?”

அந்தக் கேள்விதான் சுருக்கென்றது. வீட்டுக்குள்ளேயே கேட்டுவிட்டாளே! அரிந்துகொண்டிருந்த வெங்காயத்தைத் தட்டில் ஒதுக்கிவிட்டு அவள் சிரித்தாள். “நெருக்கறாங்கதான். அதுக்காக நான் சொல்லலை. அந்த ஹெட்போனுக்கு வேணும், அதனால சொன்னேன். நாளைக்கு உன் கிளாசுக்கு நானும் வரேன்.”

“எதுக்கு? சண்டைக்கா?”

“சண்டை எதுக்கு? சும்மா பின்சீட்டுல உட்காரத்தான்.”

மறுநாள் அரை நாள் விடுப்புக் கேட்டாள். கூடவே, வெளியே எடுத்துப்போக ஒரு சிறிய ஆம்ப்ளிஃபையரும் வேண்டும் என்றாள். பேட்டரியில் ஓடுவது, உள்ளங்கையில் அடங்குவது. முதலாளி காதைத் தடவிக்கொண்டார். “நீங்களா பெட்டி கேக்கறது? எனக்குத்தான் காது சரியில்லையா?” என்றாலும் எதற்கென்று துருவாமல் எடுத்துக் கொடுத்தார்.

டிரைவிங் ஸ்கூல் வண்டி வாசலில் வந்து நின்றபோது நாத்தனாரின் பின்னாலேயே அவளும் ஏறிக்கொண்டாள். மாஸ்டர் கண்ணாடியில் பார்த்தார்.

“பின்னாடி யாரும்மா?”

“எங்க அண்ணி சார். நான் எப்படி ஓட்டறேன்னு பாக்கணுமாம்.”

மாஸ்டர் முழுசாகத் திரும்பினார். “அட, பெட்டிக்கடை அம்மாவா! பாருங்க பாருங்க, தாராளமா பாருங்க.”

நாத்தனார் வண்டியைத் துள்ளத் துள்ளக் கிளப்பி, ஒரு சைக்கிள்காரரின் சாபத்தை வாங்கிக்கொண்டு, ஊருக்கு வெளியே லாரிகள் நிறுத்தும் காலி மைதானத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தாள். அங்கே பின்னோக்கி எடுக்கும் பயிற்சி. பின்னால் வைத்த இரும்புப் பீப்பாயை அவள் தொடவிருந்த ஒவ்வொரு தடவையும் மாஸ்டரின் கால் முந்திக்கொண்டது. ஒருவழியாக மரத்தடியில் வண்டியை நிறுத்தி, மாஸ்டர் தண்ணீர் பாட்டிலைத் திறந்தார். அவருடைய துணிப்பை கியருக்குப் பக்கத்தில் இருந்தது. பாடத்துக்கும் பாடத்துக்கும் நடுவில் அவர் பாட்டுக் கேட்பது இந்த மரத்தடியில்தான் என்று நாத்தனார் ஏற்கெனவே சொல்லியிருந்தாள்.

“சார், அந்த ஹெட்போனைக் கொஞ்சம் எடுங்க,” என்றாள் அவள். “இது கடை இல்ல. உங்க வண்டி, உங்க போன், உங்க பாட்டு. நான் வெளியில போய் நின்னுக்கறேன். ஒரு வார்த்தை பேச மாட்டேன்.”

மாஸ்டர் யோசித்தார். “நீங்க வெளியில நின்னா யார் மாத்திக் கொடுக்கறது?”

“உங்க ஸ்டூடண்ட். நீங்க கண்ணை மூடிக்கணும். அவ உங்க போன்ல செருகுவா, இல்ல இந்தப் பெட்டியில செருகுவா. எதுல செருகினான்னு சொல்ல மாட்டா. எது நல்லா இருக்குன்னு நீங்க சொல்லுங்க. ரெண்டும் ஒண்ணுதான்னு உங்களுக்குப் பட்டா நான் பேசாம பஸ் ஏறிப் போயிடறேன். நீங்க ஊரெல்லாம் என்ன வேணா சொல்லிக்குங்க.”

மாஸ்டருக்குப் பந்தயம் என்றால் பிடிக்கும். “சரி, வாங்க” என்றார்.

அவள் முதலில் ஹெட்போனைத் தன் காதில் வைத்து, அவருடைய போனில் சத்தத்தைக் கடைசிவரை ஏற்றினாள். பிறகு பெட்டியில் செருகி, அதே அளவு சத்தம் வரும்வரைதான் குமிழைத் திருப்பினாள். “இதை ஒரு நூல்கூட நகர்த்தாதே” என்று நாத்தனாரிடம் சொன்னாள். “சத்தம் கூடினா அவருக்குப் பெட்டிதான் பிடிக்கும். அது நியாயம் இல்ல.” இதைச் சொல்லிவிட்டு இறங்கிக் கதவைச் சாத்தினாள். கண்ணாடிகளை ஏற்றிவிட்டார்கள்.

அப்புறம் நடந்ததை அவள் கேட்கவில்லை, பார்க்கத்தான் முடிந்தது. மாஸ்டர் கண்களை இறுக மூடிக்கொண்டு, ஊசி போட்டுக்கொள்ளப் போகிற ஆளைப் போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். நாத்தனாரின் விரல்கள் அங்கும் இங்கும் போய்வந்தன. மருத்துவமனையில் நரம்பைத் தேடிப் பிடிக்கும் விரல்கள். ஒரு சத்தமும் வராமல் மாற்றின. மாஸ்டர் உதட்டைப் பிதுக்கினார். தலையை ஆட்டினார். ஒரு விரலைக் காட்டினார், பிறகு இரண்டு விரல். வெயில் அவள் உச்சியில் இறங்கியது. நகரவில்லை. தான் சொன்னது தப்பாகிவிடுமோ என்ற பயமெல்லாம் அவளுக்கு இல்லை. அந்தக் கனமான கிண்ணங்களைக் காதில் வைத்த நொடியிலேயே அவளுக்குத் தெரியும். ஆனால் அவருக்குக் கேட்க வேண்டுமே.

பிறகு வீட்டில் நாத்தனார் அதை நடித்தே காட்டினாள். எத்தனை தடவை மாற்றினாலும் மாஸ்டர் பெட்டியைத்தான் பிடித்தாராம். “இதுல டிரம்ஸ் அடி அடியா விழுது, அதுல தலையணையில விழற மாதிரி இருக்கு” என்றாராம். இவள் குறும்பாக ஒரே இடத்திலேயே இரண்டு தடவை செருகியபோது, “ஏய், மாத்தவே இல்லை நீ. என்கிட்டயேவா?” என்று கண்ணைத் திறக்காமலே அதட்டினாராம்.

கடைசியில் மைதானத்தில் வண்டியின் கண்ணாடி இறங்கியது. “அம்மா, உள்ள வாங்க” என்று குரல் வந்தது.

அவள் ஏறி உட்கார்ந்தாள். “இப்ப குமிழை நீங்களே திருப்புங்க சார். உங்களுக்கு எவ்வளவு வேணுமோ அவ்வளவு.”

மாஸ்டர் திருப்பினார். அவர் முகத்தில் என்னவோ அவிழ்ந்தது. பாட்டின் நடுவே எங்கோ ஒரு வயலின் தொடங்கியிருக்க வேண்டும். இருக்கையிலேயே முன்னால் நகர்ந்தார். “இதுல இவ்வளவு இருந்திருக்கா?” என்று மைதானம் முழுக்கக் கேட்கும்படி கத்தினார். காதில் மாட்டியிருக்கிறவருக்குத் தான் கத்துவது எங்கே தெரியும்? மரத்திலிருந்த காக்கைகள் பறந்தன.

பாட்டு முடிந்ததும் ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

“அஞ்சு பேரை ஏத்திக்கிட்டு மேட்டுல போற பழைய வண்டி மாதிரிம்மா. முழுசா மிதிச்சும் ஏறாது. போன்தான் திணறியிருக்கு, நான் தம்பியைக் குத்தம் சொல்லிக்கிட்டு இருந்திருக்கேன்.” கொஞ்சம் நிறுத்தினார். “உங்களைப் பத்தியும் நாலு பேர்கிட்ட தப்பா சொல்லிட்டேன்.”

“நாலு பேர்தானா சார்?” என்று நாத்தனார் முன்னாலிருந்து கேட்டாள்.

“நீ முதல்ல பீப்பாயை இடிக்காம ரிவர்ஸ் எடு.”

மறுநாள் கடை திறந்த கையோடு மாஸ்டர் மாடியில் நின்றார். முதலாளியும் அப்போது மேலேதான் இருந்தார். மாஸ்டர் நம்புகிற வகை இல்லைதான். நம்பிவிட்டாலோ பிரேக் கிடையாது.

“எல்லாம் கொடுங்கம்மா. ஆம்ப்ளிஃபையர், கன்வெர்ட்டர், அந்தத் தடியான வயர், தங்க முலாம் போட்டது எதுவோ சொல்றாங்களே, அதுவும்.”

முதலாளி முகம் மலர்ந்தது. மீசைக்காரர் கண்ணாடி அறையின் கதவைத் திறந்துவிட்டார்.

“ஆம்ப்ளிஃபையர் வேணும் சார்,” என்றாள் அவள். “மத்தது எதுவும் வேணாம்.”

மாஸ்டர் நிமிர்ந்து பார்த்தார்.

“ஏன்? நேத்து நீங்கதானே வேணும்னு அடம் பிடிச்சீங்க?”

“அது உங்க ஹெட்போனுக்குத் தெம்பு பத்தலைன்னு சொன்னேன். எண்ணைச் சத்தமா மாத்தற வேலையை உங்க போன் ஒழுங்காத்தான் செய்யுது. இன்னொரு பெட்டி வாங்கி அதையே இன்னொரு தடவை எதுக்கு செய்யணும்?”

“இல்லம்மா, எனக்குக் கேக்கும். என் காது நேத்து எப்படிப் பிடிச்சுது பாத்தீங்கல்ல?”

“அப்ப உட்காருங்க. நேத்து மாதிரியே.”

மாஸ்டர் சுழல் நாற்காலியில் உட்கார்ந்து கண்களை மூடினார். இந்தத் தடவை மாற்றிச் செருகும் வேலையை அவள் மீசைக்காரரிடமே கொடுத்தாள். கொடுக்கும்போது, “அண்ணே, குமிழ்” என்று மட்டும் சொன்னாள். மீசைக்காரர் புரிந்துகொண்டு கையைக் கட்டிக்கொண்டார். சத்தத்தை அவளே சமன் செய்தாள். ஆம்ப்ளிஃபையர் இரண்டுக்கும் ஒன்றுதான்; ஒருமுறை போனிலிருந்து நேராக, ஒருமுறை கடையிலேயே உயர்ந்த கன்வெர்ட்டர் வழியாக. மாஸ்டர் முதலில் பலமாக, “இதுதான்!” என்றார். அது போன். அடுத்த தடவை கொஞ்சம் மெதுவாகச் சொன்னார். அதுவும் போன். மூன்றாம் தடவை கன்வெர்ட்டரைச் சொல்லிவிட்டு, நான்காம் தடவை கண்ணைத் திறந்து, “ஒண்ணா கேக்குதேம்மா” என்றார்.

“நகருங்க, நான் பாக்கறேன்,” என்றார் முதலாளி.

வருடக்கணக்காகப் பெட்டி விற்கும் மனிதர், அன்றுதான் முதல்முறையாக அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். காதில் மாட்டிக்கொண்டு, நெற்றியைச் சுருக்கி, வெகுநேரம் கேட்டார். ஒன்றைச் சொன்னார், மாற்றிச் சொன்னார், மறுபடியும் முதலில் சொன்னதற்கே வந்தார். கடைசியில் கழற்றிவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். “என் வீட்டுல இதே கன்வெர்ட்டர் இருக்கு. விருந்தாளி வந்தா காட்டறேன். எவனும் ஒண்ணும் சொன்னதில்ல. இப்ப புரியுது.”

மாஸ்டர் ஆம்ப்ளிஃபையரை மட்டும் வாங்கிக்கொண்டு போனார். வயரைத் தொடக்கூட அவள் விடவில்லை. அன்றிலிருந்து அவருடைய வண்டியில் பாடம் வேறு மாதிரி ஆகிவிட்டது. கிளட்ச், கியர், அதன் பிறகு வேணாம் அக்கா. ‘வேணும்னா வேணும்பாங்க, வேணாம்னா வேணாம்பாங்க, அடிச்சாலும் மாத்த மாட்டாங்க’ என்று பீப்பாய்களைச் சுற்றிச் சுற்றிச் சொன்னதில், லைசென்ஸ் வாங்கினவர்களெல்லாம் கடைக்கு வர ஆரம்பித்தார்கள். சிலர் பரணில் கிடந்த பழைய ஹெட்போன்களைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். சிலருக்குப் பெட்டி தேவைப்பட்டது, பலருக்குத் தேவைப்படவில்லை. வீட்டிலிருந்தே புத்தகங்களை ஒலிப்பதிவு செய்யும் ஒரு பெண் வந்தாள். அவள் கம்ப்யூட்டரில் ஹெட்போனை மாட்டினாலே ஈ மொய்ப்பது போல ஓர் இரைச்சல். கம்ப்யூட்டருக்குள் இருக்கும் கன்வெர்ட்டர்தான் இரைகிறது, அவளுக்குத் தனிக் கன்வெர்ட்டர்தான் சரி என்று பார்த்து, வேணாம் அக்காவே எடுத்துக் கொடுத்தாள். மீசைக்காரர் அதைக் காலண்டரில் குறித்துவைக்க வேண்டும் என்று கிண்டல் செய்தார்.

பலகையை முதலாளியே கழற்றினார். கழற்றிவிட்டு, “இங்க வேற என்ன மாட்டலாம்?” என்று கேட்டார்.

“எதுவும் மாட்ட வேண்டாம் சார். நாற்காலிக்குப் பின்னாடி ஒரு திரை போட்டுக் கொடுங்க. மாத்தற ஆள் கண்ணுல படக் கூடாது.”

திரை வந்தது. நீல நிறம். மீசைக்காரர் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து மாற்றிக் கொடுப்பார். அவர் இன்னமும் ஸ்பீக்கர் பக்கத்தில் தன் கைவரிசையைக் காட்டத்தான் செய்கிறார். ஆனால் திரைக்குப் பின்னால் வந்தால் குமிழைத் தொடுவதில்லை. “அங்க என் கடை, இங்க உன் கடை” என்பார்.

முதலாளி ஊரின் மறுகோடியில் இன்னொரு கடை திறந்தபோது, வாரத்தில் ஒரு நாள் அங்கே போய் விற்பனைப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்கும்படி அவளைக் கேட்டார். சம்மதித்தாள். முதல் நாள் அங்கே இருந்த பெண்களில் ஒருத்தி, “அக்கா, பெட்டி வேணுமான்னு கேட்டா முதல்ல என்ன பதில் சொல்றது?” என்று கேட்டாள்.

“பதில் சொல்லாதே. கேள்வி கேளு. எந்த ஹெட்போன், எதுல மாட்டறாங்க, சத்தத்தை எவ்வளவு தூரம் ஏத்தறாங்க. அப்புறம் அவங்க போன்லயே மாட்டி நீயும் கேளு. அதுக்கப்புறம் உனக்கே தெரியும்.”

“தெரியலைன்னா?”

“தெரியலைன்னு சொல்லு. அதுல என்ன?”

சொல்லிக்கொண்டிருக்கும்போதே படியேறி ஒருவர் வந்தார். பெண்கள் மூன்று பேரும் நிமிர்ந்து நின்றார்கள். அவள் பின்னால் ஒதுங்கி நின்று, கேள்வி கேட்டவளை முன்னே போகச் சொல்லிக் கண்ணைக் காட்டினாள். வந்தவருக்குப் போன் சார்ஜர் வேண்டுமாம். அந்தப் பெண் கொஞ்சம் ஏமாற்றமடைந்தாலும், “எந்தப் போன் சார்?” என்று தெளிவாகக் கேட்டாள்.